சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம்

சித்திரை பிறக்க இன்னும் நாலைந்து நாள் இருந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அம்மம்மாவின் வளவுக்குப் போயிருந்தேன். இரவு ஒன்பது மணி. கொங்கிறீற் பிளாட் கூரை போட்ட புது வீட்டில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அம்மம்மா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலுள்ள மண் குசினிக்கு நடந்தார். "உள்ளுக்குப் படுக்க ஏலா மனே, அவியுது" என்றார். கட்டிக் கொடுத்த சித்தப்பாவுக்கு முகம் சுருங்கியது. வயதானவர்களுக்குப் பழசு மேல் ஆசை என்று சமாளித்தார். எனக்கென்னவோ, அம்மம்மா சொன்னது ஒரு வெப்பமானியின் அளவீடு போலத்தான் பட்டது.

அந்த வளவில் மூன்று காலத்து வீடுகள் நிற்கின்றன. மண் குசினி, பெரியம்மாவின் ஓட்டு வீடு, சின்னம்மாவின் பிளாட் வீடு. நாலாவதுக்கு அத்திவாரமும் வெட்டியாயிற்று. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிற சொத்து. மூத்தவள் கலியாணம் முடித்தால் இருந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் மிச்சப் பிள்ளைகளோடு பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். இங்குள்ள முஸ்லிம் ஊர்களிலும் இதே வழக்கம்தான். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே எங்கள் வளவுகளில் கட்டடக்கலை வரலாற்றைப் படிக்க நூலகத்துக்குப் போகத் தேவையில்லை. கலியாணங்களை எண்ணிக்கொண்டு போனால் போதும்.

மண் வீட்டிலிருந்து தொடங்குவோம். கப்பு நட்டு, அதன் இரண்டு பக்கமும் கம்புகளைக் கிடையாகக் கட்டினால் அது வரிச்சு. வயல் களியை மிதித்துப் பதமாக்கி, உருண்டை உருட்டி, வரிச்சுக்குள் அப்பிக்கொண்டு வருவார்கள். காய்ந்து வெடித்ததும் புற்றுமண்ணால் பூசி, சாணியால் மெழுகுவார்கள். சுவரின் பருமன் அரை அடி இருக்கும். அந்தச் சுவர்தான் குளிர்ச்சியின் இரகசியம் என்று பலர் நினைக்கிறார்கள். பகலில் சுட்டு இரவில் நன்றாகக் குளிரும் வரண்ட நாடுகளில் தடித்த மண்சுவர் பெரிய வேலை செய்யும், உண்மை. பகலின் சூட்டை வாங்கி இரவுக்கு ஒத்திவைக்கும். வாவிக்கரையில் அந்தக் கணக்கு அவ்வளவாகப் பலிக்காது. பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் எட்டு பாகை செல்சியஸ் வந்தாலே அதிகம். காற்றில் ஈரமும் கூட. இங்கே களி செய்யும் உபகாரம் வேறு. ஈரம் மிகுந்த வேளையில் அது காற்றிலிருந்து நீராவியை உறிஞ்சிக்கொண்டு, காய்ந்த வேளையில் திருப்பி விடுகிறது. சீமெந்துப் பூச்சும் அதன்மேல் அடித்த பெயின்டும் அதை அவ்வளவாகச் செய்வதில்லை.

உண்மையான வேலை சுவருக்கு மேலே நடக்கிறது. பழைய மண் வீடுகளில் சுவர் கூரையைத் தொடாது. அம்மம்மாவின் குசினியில் அந்த இடைவெளி சரியாக ஒரு முழம். அடுப்புப் புகை போக விட்ட வழி அது. சூடான காற்று இலேசானதால் மேலே ஏறும், அந்த முழத்தால் வெளியேறும், அதன் இடத்துக்கு வாசலால் புதுக்காற்று வரும். ஒரு சதம் செலவில்லாத மின்விசிறி. போகிற வழியில் புகை கிடுகையும் கைமரத்தையும் தடவிப் பூச்சி பிடிக்காமல் காக்கிறது. கிடுகுக் கூரையோ அடுக்கடுக்கான ஓலைக்குள் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் மெத்தை. ஒரே பருமனுள்ள கொங்கிறீற் கடத்துகிற வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதைக் கடந்து வராது. தாவாரம் இடுப்பளவுக்கு இறங்கி நிற்பதால் வெயிலும் சாரலும் சுவரில் படுவதில்லை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

தாவாரத்தின் அருமை கச்சான் வீசும்போது தெரியும். நிலக்கடலையைச் சொல்லவில்லை. ஈழத்தில் அதற்கும் இதே பெயர் என்பதால் வெளியூர்க்காரர் குழம்புவதுண்டு. இது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் இந்தப் பக்கம் இறங்குகிறது. நூறு மீற்றர் இறங்க ஏறத்தாழ ஒரு பாகை சூடேறும். வைகாசி, ஆனியில் மட்டக்களப்புக்கு வந்து சேரும்போது அது அடுப்புவாய்க் காற்று. அதனால் பழைய ஆட்கள் மேற்குப் பக்கத்தில் வாசலைக் குறைத்து, வேம்போ பலாவோ நட்டு, வாசலைக் கடற்காற்று வரும் கிழக்குப் பக்கம் திறந்தார்கள்.

பெரியம்மாவின் ஓட்டு வீடு அடுத்த தலைமுறை. ஒன்பது அங்குலச் செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, முன்னால் நீண்ட விறாந்தை, உயர்ந்த முகடு. ஓடுகளுக்கு இடையே ஆயிரம் சிறு கீறல் இடைவெளிகள், எல்லாவற்றாலும் சூடு கசியும். சுண்ணாம்பின் கதை அழகானது. சிப்பியையும் முருகைக்கல்லையும் ஏறத்தாழ 900 பாகையில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு போய்விடும். தண்ணீர் ஊற்றி நீற்றி, சுவரில் பூசினால் அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திருப்பி வாங்கி மறுபடி கல்லாகும். அதன் நுண்துளைகளால் சுவர் ஈரத்தை வெளியே விடும்.

சில வருடங்களுக்கு முன் அந்த வீட்டின் சுண்ணாம்பைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசினார்கள். நல்லது என்று நினைத்துச் செய்ததுதான். வாவிக்கரையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது, உவரும் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த நீர் செங்கல்லில் ஏறுகிறது. முன்பு அது முழங்கால் உயரத்திலேயே சுண்ணாம்பால் வெளியேறிக் காய்ந்தது. சீமெந்து வழியை அடைத்ததும் ஈரம் யன்னல் உயரம் வரை ஏறிப்போய் அங்கே உப்புப் பூக்கத் தொடங்கியது. உப்பு பளிங்காகும்போது விரிந்து, பூச்சையே உடைத்துத் தள்ளும். இப்போது வருடா வருடம் பூசுகிறார்கள், வருடா வருடம் பொரிந்து விழுகிறது.

இவ்வளவும் சொன்னதற்காகப் பழைய வீட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. கிடுகு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எரிந்துபோக ஒரு தீப்பொறி போதும், போர்க்காலத்தில் தீப்பொறிக்குக் குறைவும் இருக்கவில்லை. மாரி வெள்ளத்தில் மண்சுவர் அடியிலிருந்து கரையும். சுடாத களியைச் சேர்த்துப் பிடித்திருப்பது துகள்களுக்கு நடுவேயுள்ள கொஞ்ச ஈரம்தான். தண்ணீர் மிஞ்சினால் அந்தப் பிடி விட்டுப்போகும். சூளையில் சுட்ட செங்கல்லில் துகள்கள் உருகி ஒட்டியிருப்பதால் அதற்கு அந்தப் பயம் இல்லை. முகத்துவாரத்தை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதற்குள் பல மண் வீடுகள் குந்தி இருந்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தில் பார்த்தோம். வெல்லாவெளிப் பக்கம் போனால், நெல்மூட்டையின் வாசனைக்கு யானை வந்து மண்சுவரைத் தள்ளிய கதை வீட்டுக்கு வீடு உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே, 78 சூறாவளி. 1978 நவம்பர் 23 இரவு வந்த காற்றைப்பற்றி இன்றைக்கும் எங்கள் ஊரில் வருடம் சொல்லாமலே பேசலாம். அந்த இரவில்தான் அந்த ஒரு முழம் எதிரியாக மாறியது. புயல் கூரைக்கு மேலால் வேகமாகப் போகும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சும். அதே நேரம் சுவருக்கு மேலேயுள்ள இடைவெளியால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து முட்டும். இரண்டும் சேர்ந்தால் கயிற்றில் கட்டிய கூரை குடைபோலக் கிளம்பிவிடும். கரையோரமெங்கும் தென்னைகள் முறிந்து சாய்ந்துவிட்டதால் அடுத்த நாள் திருப்பி வேய ஓலையும் இல்லை. அதற்குப் பிறகு தகரத்தையும் சீற்றையும் தேடியவர்களை, சுவரைக் கூரைவரை எழுப்பி இடைவெளியை அடைத்தவர்களை, யார் குறை சொல்ல முடியும்?

பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. நாவலடி, திருச்செந்தூர், டச்பார் என்று கல்லடிக் கரையோரம் துடைத்தெடுக்கப்பட்டது. வீடிழந்தவர்களுக்காகத் திராய்மடு போன்ற இடங்களில் ஏறத்தாழ 500 சதுர அடி வீடுகள் வரிசையாக எழுந்தன. 2012இல் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இந்திய வீட்டுத்திட்டம் விரிந்தபோது ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, 550 சதுர அடி. சொந்தக்காரரே நின்று கட்டலாம் என்பது அதிலிருந்த நல்ல விடயம். ஆனால் பணம் சதுர அடிக்குத்தான் வந்தது. விறாந்தையும் தாவாரமும் யன்னல் மேலுள்ள துவாரமும் அந்தக் கணக்கில் முதலில் வெட்டுப்படுகிற பொருட்கள். இன்னும் ஒரு படி போய், 2016 வாக்கில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்றொரு அரசாங்கத் திட்டம் வந்தது, ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. சூடு, பழுதுபார்க்க முடியாமை, உள்ளூர் மேசன்மாருக்கு வேலையில்லாமை என்று எழுந்த எதிர்ப்பில் அது அடங்கிப்போனது. நல்லவேளை.

சின்னம்மாவின் பிளாட்டுக்கு வருவோம். மட்டக்களப்பு 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். வீட்டின் எந்தச் சுவரையும்விடக் கூரையே அதிக வெயில் வாங்கும். பிளாட்டின் மேற்பக்கம் 55 பாகையைத் தாண்டிச் சுடும். அந்தச் சூடு ஐந்து அங்குலக் கொங்கிறீற்றைக் கடந்து கீழே வர ஏறத்தாழ நான்கு மணி நேரம் எடுக்கும். பின்னேரம் வெளியே குளிரத் தொடங்குகிற வேளையில்தான் உள்ளே பிளாட்டின் அடிப்பக்கம் சுடத் தொடங்குகிறது, நடுச்சாமம்வரை சூட்டைக் கீழே கதிராக வீசிக்கொண்டே இருக்கிறது. மின்விசிறி காற்றை அசைக்கும், மேலேயிருந்து வரும் கதிரை அது தடுக்காது. அம்மம்மா ஒன்பது மணிக்குப் பாயைச் சுருட்டியதன் பௌதிகம் இவ்வளவுதான். அஸ்பெஸ்டஸ் சீற் இதற்கு மறுபக்கம். பகலில் உடனே சுடும், இரவில் உடனே ஆறும். அதன் நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் 2018 முதல் தடை என்றார்கள். 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்த, அஸ்பெஸ்டஸ் தடையும் தள்ளிப்போனது. அஸ்பெஸ்டஸ் மூலப்பொருளை விற்பதும் ரஷ்யாதான் என்பதைச் சொல்லிவிட்டால் மிச்சம் விளங்கிவிடும்.

இதற்கு மருந்து பழைய வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் மண்ணில் இல்லை. எங்கள் ஊரில் தகரக் கூரைமேல் கிடுகு பரப்புவார்கள். ஏழைத்தனம் என்று நினைத்திருந்தேன். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா செய்ததும் அடிப்படையில் அதுதான். நெளிசீற்றைப் போட்டு, அதன்மேல் பீலி ஓட்டை அடுக்கினார். சீற் மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தடுக்கும், நடுவேயுள்ள காற்று சூட்டைப் பிரித்து வைக்கும். பிளாட்டுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால்கூட வெயிலில் பெரும்பகுதி திரும்பிப்போகும். அந்த ஒரு முழத்தையும் திருப்பிக் கொண்டுவரலாம். கூரையைச் சுவர் உச்சியிலுள்ள கொங்கிறீற் வளையத்தோடு இரும்புப் பட்டியால் இறுக்கிக் கட்டிவிட்டால் துவாரம் இருந்தாலும் இலேசில் கிளம்பாது. 78இல் இல்லாதது துவாரத்தை மூடும் சுவர் என்று நினைத்தோம். இல்லாதது கட்டு.

மறுநாள் காலை நாலாவது வீட்டுக்கு மேசன் வந்திருந்தார். சீமெந்து, கம்பி எல்லாம் மண்முனைப் பாலத்தால் வந்து இறங்கியிருந்தன. 2014வரை அந்தத் துறையால் வருவதென்றால் பாதை என்கிற மிதவையில் ஏற்றித்தான் வரவேண்டும். சுவர் உச்சியில் காற்றுக்கான கிறில் கல் எவ்வளவு உயரத்துக்கு வைப்பது என்று மேசன் கேட்டார். அம்மம்மா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீட்டிக் காட்டினார்.

"அவ்வளவு தேவையில்ல அம்மா, அரை அடி காணும். எந்தப் பக்கத்துக்கு?"

"ரெண்டு பக்கத்துக்கும். ஒரு பக்கம் வெச்சா வந்த காத்து எங்கால போற?"

மேசன் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கல்லை எண்ணத் தொடங்கினார்.