தெருவா? தலைமை அலுவலகமா?



ஒரு நாடு தனியாகப் போவதா, சேர்ந்தே இருப்பதா என்று மக்களிடமே கேட்பதுதான் விடுதலைப் பொது வாக்கெடுப்பு. இதில் பிரச்சாரம் இரண்டு விதம். தலைமை அலுவலகம் ஒரே வாசகத்தை எழுதி ஊர் ஊராய் அனுப்புவது ஒன்று. அந்தந்தத் தெருக்காரர்களே கூடி இறங்கிச் செய்வது இன்னொன்று. எதுக்குப் பலம் அதிகம்? 2014 செப்டம்பர் 18-ல் ஸ்காட்லாந்தில் நடந்ததைப் பார்ப்போம்.

அன்று 16 வயதுக்காரர்களுக்கும் ஓட்டு உண்டு. அதாவது நம்ம ப்ளஸ் ஒன் தம்பி, தங்கைகள் வயசு!

‘வேண்டாம்’ அணியின் பெயர் ‘பெட்டர் டுகெதர்’. தலைவர், முன்னாள் நிதி அமைச்சர் அலிஸ்டர் டார்லிங். பிரிட்டனின் பெரிய கட்சிகள் மூன்றும் பின்னால் நின்றன. ‘வேண்டும்’ அணிக்கு ‘யெஸ் ஸ்காட்லாந்து’ என்ற தலைமையிடம் இருந்தது. ஆனால் அதற்கு வெளியே பெண்கள், கலைஞர்கள், இடதுசாரிகள் எனத் தனித்தனிக் குழுக்கள் தாமாகவே கிளம்பின. ஏழைகள் வாழும் குடியிருப்புகளில் கதவைத் தட்டி, ஓட்டே போடாதவர்களைப் பட்டியலில் சேர்த்தார்கள். அன்று பதிவான வாக்கு 84.6 சதவீதம்!

இருந்தும் ‘வேண்டாம்’ அணிக்கு 55.3, ‘வேண்டும்’ அணிக்கு 44.7. ஏன்?

வாசலில் நிற்பவரிடம் வீட்டுக்காரர், “தனி நாடானா எந்தப் பணம் செல்லும்? என் பென்ஷன் என்னாகும்?” என்று கேட்பார். பவுண்டைப் பங்கு போட முடியாது என்று 2014 பிப்ரவரியிலேயே லண்டன் சொல்லிவிட்டது. இதற்கு உறுதியான பதிலைத் தலைமைதான் தந்திருக்க வேண்டும், தரவில்லை. தொண்டர் எத்தனை தெரு நடந்தாலும் அந்தக் குறையை அடைக்க முடியாது. ‘வேண்டும்’ ஜெயித்த கிளாஸ்கோவிலும் பதிவு 75 சதவீதம்தான். 32 வட்டாரங்களில் அதுவே குறைவு.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தோற்றவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஆயிரக்கணக்கில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியில் சேர்ந்தார்கள். 2015 மே பொதுத்தேர்தலில் அங்குள்ள 59 இடங்களில் 56 அக்கட்சிக்கு! ஜெயித்த அணியிலிருந்த தொழிற்கட்சிக்கு அங்கே மிஞ்சியது ஒன்றே ஒன்று.

எனக்குப் புரிந்தது இதுதான். தேரை இழுக்க ஊரே வடம் பிடிக்க வேண்டும். ஆனால் திருப்பத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் தேர் முட்டி நிற்கும். தலைமை தருவது பதில். தெரு தருவது ஆள். பதில் அன்றைய ஓட்டை ஜெயிக்கும். ஆனால் யாரும் மதித்துக் கூப்பிடாத வீட்டுக்குப் போய், “உங்க ஓட்டும் கணக்குதாங்க” என்று சொன்னவர்தான் அடுத்த தேர்தல் வரைக்கும் நினைவில் நிற்பார்.

18 வயதான தோழர்களே, நம் தெருவில் அந்தக் கதவைத் தட்டப்போவது யார்?