அரை கிராமை அளப்பது எப்படி?

மரச் சீவலையும் அட்டையையும் வெட்டி ஒட்டி, மூன்று வாரம் உழைத்து, ஒரு சிறு படகு மாதிரியைச் செய்து முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீர் புகாமலிருக்க அதன் அடிப்புறத்தில் எபாக்சி ரெசினைப் பூசுகிறீர்கள். மறுநாள் தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஒரு வாரம் கழித்துத் தொட்டாலும் ஒட்டுகிறது! கடைக்காரர் கொடுத்த சரக்கு மோசம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பெரும்பாலும் குறை சரக்கில் இருப்பதில்லை. அளந்த முறையில் இருக்கிறது.

சாதாரண வண்ணப்பூச்சு உலரும்போது அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போகிறது. எபாக்சி அப்படி உலர்வதில்லை. ரெசின், ஹார்டனர் என்ற இரு திரவங்கள் வினைபுரிந்து ஒரே வலையாகப் பின்னிக்கொள்வதால்தான் அது இறுகுகிறது. ரெசின் மூலக்கூறின் நுனியிலுள்ள ஒவ்வோர் எபாக்சி தொகுதிக்கும், ஹார்டனரில் நைட்ரஜனோடு சேர்ந்துள்ள ஒரு ஹைட்ரஜன் அணு துணையாகக் கிடைக்க வேண்டும். துணை கிடைக்காதவை வலையில் சேராமலும் ஆவியாகாமலும் உள்ளேயே தங்கிப் பிசுபிசுக்கும். 'சீக்கிரம் இறுகட்டும்' என்று ஹார்டனரைக் கூடுதலாக விடுவோர் இதை அறிவதில்லை. ஃபைபர்கிளாஸ் வேலைக்கான பாலியெஸ்டர் ரெசினில் அந்த வழக்கம் ஓரளவு செல்லும். அங்கே 1 அல்லது 2 சதவீதம் சேர்க்கும் பொருள் வினையைத் தொடக்கி வைப்பதோடு சரி. எபாக்சியிலோ ஹார்டனர் இறுகிய பொருளின் உடம்பிலேயே ஒரு பங்கு.

அளப்பது பருமனையா, எடையையா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பலருக்கும் தெரிந்த அரால்டைட் பசையையே பாருங்கள். ஏ.டபிள்யூ. 106 ரெசினையும் எச்.வி. 953 ஹார்டனரையும் பருமனால் அளந்தால் சமபங்கு சேர்க்க வேண்டும். எடையால் அளந்தால் 100 கிராமுக்கு 80 கிராம்! இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ரெசினின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.17 கிராம், ஹார்டனருக்குச் சுமார் 0.93 கிராம். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 0.8 கிடைக்கும். பருமனுக்கான விகிதத்தை அப்படியே தராசில் பயன்படுத்தினால் ஹார்டனர் 25 சதவீதம் கூடிவிடும். அரால்டைட் சிறிய பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். கண்ணாடிபோல் தெளிவாக வார்ப்பதற்கென்று விற்கும் எபாக்சிகள் பல அவ்வளவு பொறுமையானவை அல்ல. ஆகவே விகிதம் எதற்கு உரியது என்பதைக் குறிப்புத்தாளில் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

அடுத்தது, சிறிய அளவுக்கே உரிய சிக்கல். 5 மில்லிலிட்டர் ஊசிக்குழலில் (ஊசியைக் கழற்றிவிட்டுத்தான்) ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி பொதுவாக 0.2 மி.லி. கண்ணால் பாதிக்கோடு வரை தவறலாம் என்றால் பிழை 0.1 மி.லி. 5 மி.லி. அளக்கும்போது இது வெறும் 2 சதவீதம். அதே குழலில் 0.4 மி.லி. அளந்தால் 25 சதவீதம்! குழலும் கண்ணும் மாறவில்லை. அளக்கும் பொருள் சிறுத்ததால் பிழையின் பங்கு பெருத்துவிட்டது. மீச்சிற்றளவு 0.01 மி.லி. உள்ள 1 மி.லி. குழலை எடுத்தால் அதே கணக்கில் பிழை சுமார் 1 சதவீதமாகிவிடும்.

கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு ஊற்றுவது இன்னும் பொல்லாதது. ரெசின் பாகுநிலை மிகுந்த திரவம். ஊற்றிய பின்னும் சுவரில் 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒட்டியிருக்கிறது, நனைந்த பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். பெருக்கினால் 0.5 கன சென்டிமீட்டர். நீங்கள் அளந்ததே 5 என்றால் பத்தில் ஒரு பங்கு கிண்ணத்திலேயே நின்றுவிட்டது! ஹார்டனர் நீர்த்திருந்தால் அது அவ்வளவு ஒட்டாமல் முழுவதும் வந்துவிடும், விகிதம் கெடும். அளக்கும் கிண்ணத்திலேயே கலப்பதுதான் இதற்கு வழி. தராசின் மேல் கிண்ணத்தை வைத்து முதலில் ரெசினை விடுங்கள். எடையைக் குறித்துக்கொண்டு, அதே கிண்ணத்தில் ஹார்டனரை விடுங்கள்.

இன்று 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசுகள் எளிதில் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு வினோதம் உண்டு. பல தராசுகள், சுழிக்கு அருகே மிக மெதுவாக ஏறும் எடையைத் தம் சொந்தத் தடுமாற்றம் என்று எண்ணி, சுழியையே நகர்த்திக்கொள்ளும். ரெசினை விட்டபின் பொத்தானை அழுத்திச் சுழியாக்கி, ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதல் சில சொட்டுகள் கணக்கிலேயே வராமல் போகலாம். சுழியாக்காமல் மொத்த எடையைப் பார்த்தபடி விடுவதே நல்லது: ரெசின் 5.00 கிராம், ஹார்டனர் 100க்கு 80 என்றால், 9.00 வரும்வரை. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்று தட்டை அழுத்தும். தராசைச் சோதிக்க 2011இல் வந்த வரிசையைச் சேர்ந்த 5 ரூபாய் நாணயம் உதவும். தேயாததாக இருந்தால் அதன் எடை 6 கிராம்.

சொட்டுகளை எண்ணி அளக்கலாமா? வண்ணம் கலப்போர் '10 சொட்டு வண்ணம், 10 சொட்டு தின்னர்' என்பார்கள். அது சமபங்கு அன்று. குழாய் நுனியில் தொங்கும் சொட்டைத் தாங்கி நிற்பது திரவத்தின் பரப்பு இழுவிசை. சொட்டின் எடை அந்த இழுவிசைக்கும் நுனியின் ஆரத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று தாமஸ் டேட் 1864இல் எழுதினார். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். எத்தில் ஆல்கஹாலுக்கு 22. எனவே ஒரே நுனியிலிருந்து தண்ணீர் 20 சொட்டில் 1 மி.லி. ஆனால், ஆல்கஹாலுக்கு ஏறக்குறைய 50 சொட்டு வேண்டும். ஆயினும் சொட்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. குழலும் திரவமும் மாறாவிட்டால் சொட்டும் பெரும்பாலும் மாறாது. 50 சொட்டுகளை எடை போட்டு 50ஆல் வகுத்து, விடையைக் குழலின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, தராசாலும் பிடிக்க முடியாத அளவு. 10 கிராம் வெள்ளை வண்ணத்தில் 0.02 கிராம் கறுப்பு சேர்த்தால்தான் நீங்கள் விரும்பும் மங்கல் வெண்மை வரும் என்று கொள்வோம். தராசின் பிழையே 0.01 கிராம் இருக்கும்போது இதை நேராக அளக்க முடியாது. 1 கிராம் கறுப்பை 9 கிராம் வெள்ளையில் நன்றாகக் கலந்து, அதிலிருந்து 0.20 கிராம் எடுங்கள். அதில் கறுப்பு ஏறத்தாழ 0.02 கிராம் இருக்கும். வேதியியல் ஆய்வகத்தில் கரைசலை நீர்க்கச் செய்யும் அதே உத்தி இது. நிறமித் துகள்கள் அடியில் படிந்துவிடும் என்பதால் எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் கலக்குங்கள். மீந்ததை இறுக மூடி வையுங்கள். கரைப்பான் ஆவியாகிவிட்டால் அடுத்த முறை அதே 0.20 கிராமில் கறுப்பு கூடுதலாக இருக்கும்.

எபாக்சியிலும் 'அதிகம் எடுத்தால் பிழை குறையும்' என்று ஒரேயடியாக 100 கிராம் கலந்துவிடாதீர்கள். வினையில் வெப்பம் வெளிப்படும். குறுகிய கிண்ணத்தில் அது வெளியேற வழியின்றி, கலவை கொதித்துப் புகையக்கூடும். சிறிய மாதிரிகளுக்கு 10 கிராம் போதும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். சமையலறைக் கிண்ணங்களைத் தொடாதீர்கள்.