கரை ஒதுங்கும் கணவாய் ஓடு

ராமநாதபுரம் மாவட்டத்துப் பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு. துடுப்புப் போட்டு கயாக்கில் போனால் எஞ்சின் இரைச்சல் இல்லை, கடற்புல்லும் அறுபடாது. ஆளில்லாத கரையில் இறங்கி நடந்தால், மணலில் வெள்ளையாக, இலேசாக ஒன்று கிடக்கும். அதுதான் கணவாய் ஓடு. நகத்தால் கீறினால் மாவாக உதிரும். உள்ளே அடுக்கடுக்காகச் சிற்றறைகள். அவற்றில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் மிதக்கிறது, அமிழ்கிறது. எத்தனை நேர்த்தியான ஏற்பாடு! கணவாய் இறந்த பிறகும் ஓடு மிதந்து கரை சேர்கிறது. கூண்டுப்பறவை வளர்ப்பவர்கள் சுண்ணாம்புச் சத்துக்காக இதை வைப்பதுண்டு. ஆனால் கரையில் கிடக்கும் பவளத்தை மட்டும் எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உடைந்த துண்டானாலும் அதை எடுத்துப் போவது குற்றம்.