ஒரு கிளிக் என்ன விலை?

2003-இல் நியூயார்க் போஸ்ட் நாளிதழின் இணையதளத்தில் ஒரு கொலைச் செய்தி வந்தது. கொல்லப்பட்டவரின் உடலைத் துண்டு போட்டு சூட்கேசில் அடைத்திருந்தார்கள். செய்தியின் பக்கத்திலேயே ஒரு விளம்பரம்: சூட்கேஸ் விற்பனைக்கு!

உதவி ஆசிரியர் யாரும் செய்த குறும்பல்ல. பக்கத்தைப் படித்து, முக்கியச் சொற்களைப் பொறுக்கி, பொருத்தமான விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போனது ஒரு மென்பொருள். பிறரின் தளங்களில் விளம்பரம் பொருத்தும் கூகுளின் ஆட்சென்ஸ் பிறந்த ஆண்டு அது. சொற்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் வித்தை தெரிந்த 'அப்ளைடு செமான்டிக்ஸ்' நிறுவனத்தையும் அதே ஆண்டு ஏப்ரலில் கூகுள் வாங்கியிருந்தது. சூட்கேஸ் என்றால் பயணம் என்பது வரை மென்பொருளுக்குப் புரிந்தது. அதற்குள் பிணமும் இருக்கலாம் என்பது புரியவில்லை.

கிளிக்குக்குக் காசு என்ற ஏற்பாடு இதைவிடப் பழையது. அதுவரை பெரும்பாலும் விளம்பரம் கண்ணில் பட்டாலே கட்டணம்; யாராவது கடைக்கு வந்தார்களா என்பது கடைக்காரர் கவலை. 1998-இல் கலிபோர்னியாவின் பில் கிராஸ் தொடங்கிய 'கோடூ' தேடுதளம் அதைத் தலைகீழாக்கியது. விளம்பரத்தை அழுத்தினால் மட்டும் பணம், அதுவும் ஒரு சென்ட்டில் தொடங்கும் ஏலம். அதிகம் கேட்டவர் பட்டியலில் மேலே. 'ஓவர்ச்சர்' என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தை 2003-இல் யாஹூ 160 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

கிராஸின் ஏலத்தில் ஓர் ஓட்டை இருந்தது. விலையை ஏற்றிக் கேட்டும் யாருமே அழுத்தாத விளம்பரத்தால் தளத்துக்குக் காலணா வராது. 2002-இல் கூகுள் இதை ஒரு பெருக்கலால் அடைத்தது: கேட்ட விலையை, அழுத்தப்படும் வாய்ப்பால் பெருக்கு. ஒருவர் கிளிக்குக்கு 10 ரூபாய் தருகிறார், நூற்றில் ஒருவர்தான் அழுத்துவார் என்றால், ஒருமுறை காட்டுவதன் மதிப்பு 10 பைசா. இன்னொருவர் 4 ரூபாய்தான் தருகிறார். ஆனால் நூற்றில் மூவர் அழுத்துவார்கள். மதிப்பு 12 பைசா. இடம் அவருக்கே. 4 ரூபாயையும் முழுதாகக் கட்ட வேண்டாம், போட்டியாளரை முந்தப் போதுமான 3 ரூபாய் 34 காசு கொடுத்தால் சரி. சின்னக் கடைக்காரர்கள் இந்தச் சந்தைக்குள் நுழைய முடிந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

யாரும் அழுத்தாமல் போகும் நஷ்டம் எங்காவது விழ வேண்டுமே? அது ஆட்சென்ஸ் விளம்பரத்துக்கு இடம் கொடுத்த தளக்காரர் தலையில் விழுந்தது. ஆயிரம் பேர் கட்டுரையைப் படித்து முடித்து, ரசித்து, விளம்பரத்தைத் தொடாமல் போனால் வருமானம் சுழியம். தேடுபொறியில் கேமரா என்று தட்டுபவர் வாங்க வந்தவர். கட்டுரை படிப்பவர் படிக்க வந்தவர். 2004-இல் கூகுள் இந்த வேறுபாட்டையும் விலையில் ஏற்றியது. கேமரா மதிப்புரைக்கு அருகே விழும் கிளிக்கைவிட, படம் எடுக்கக் குறிப்புகள் சொல்லும் பக்கத்தில் விழும் கிளிக் மலிவாகக் கணக்கிடப்பட்டது. விளம்பரம் ஒன்றுதான். நல்ல குறிப்பு எழுதியவருக்கு இது கொஞ்சம் அநியாயம்தான். விற்பவர் பக்கம் நின்றால் நியாயம்.

விலை மலிந்ததால் கிளிக் திருட்டு நின்றுவிடவில்லை. சொந்தத் தளத்தின் விளம்பரத்தைத் தானே அழுத்துவது, போட்டியாளரின் காசைக் கரைக்க அழுத்திக்கொண்டே இருப்பது, பிறகு அதையே நிரல்களிடம் ஒப்படைப்பது எனப் பல வழிகள். போலிக் கிளிக்குகளுக்கும் கட்டணம் வாங்கியதாக அமெரிக்காவின் ஆர்கன்சாவில் தொடரப்பட்ட வழக்கை, 2006-இல் கூகுள் 9 கோடி டாலர் வரையிலான சமரசத்தில் முடித்துக்கொண்டது.

தமிழ்த் தளங்களுக்கு ஆட்சென்ஸ் கதவு அதிகாரபூர்வமாகத் திறந்தது 2018 பிப்ரவரியில். இந்திக்கு 2014-இலேயே திறந்தாயிற்று. கதவு திறப்பது ஒன்று, உள்ளே ஏலம் சூடுபிடிப்பது வேறு. தமிழ்ப் பக்கத்துக்குக் கைதூக்கும் விளம்பரதாரர்கள் குறைவாக இருந்தால், கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலை ஏறாது.

2024 தொடக்கத்தில் ஆட்சென்ஸ் தளக்காரர்களுக்குக் கிளிக் கணக்கை விட்டுவிட்டு, விளம்பரம் திரையில் தோன்றியதற்குப் பணம் தரும் முறைக்கு மாறியது. விளம்பரதாரர் விரும்பினால் இன்னமும் கிளிக்குக்கே கட்டலாம். அந்தக் கிளிக் விழுமா என்ற கணிப்பு மட்டும் நடுவில் உள்ள இயந்திரத்திடம் இருக்கிறது.