ஹெஃபர் என்றால் கிடேரி

பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்த எல்லோரும் அந்தப் பட்டியலைத் தாண்டித்தான் வந்திருப்போம். ஒரு பக்கம் ஆண்பால், எதிரே பெண்பால். 'காக்' என்றால் 'ஹென்', 'ஹார்ஸ்' என்றால் 'மேர்', 'டிரேக்' என்றால் 'டக்'. நடுவில் கோடு போட்டு எழுதி, ஒப்பித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிற பாடம். பல தலைமுறைகளாக அந்தப் பட்டியலில் ஒரு வரி மாறாமல் இருக்கிறது: 'புல்லக்' என்பதன் பெண்பால் 'ஹெஃபர்'. மாடு வளர்க்கிற யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இன்றைய வழக்கில் புல்லக் என்பது காயடித்த எருது. ஹெஃபர் என்பது இன்னும் ஈனாத கிடேரி. ஒன்றால் இனி சினைப்படுத்தவே முடியாது; மற்றது இனிமேல்தான் கன்று போடப்போகிறது. இவை இரண்டும் எப்படி ஜோடியாகும்?

விலங்கின் பாலைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களை வெறும் ஆண், பெண் என்று பிரித்துப் படிப்பதால் வருகிற கோளாறு இது. அந்தச் சொற்கள் பிறந்த இடம் தொழுவமும் சந்தையும். அங்கே மாட்டை வாங்குகிறவருக்கு ஆணா பெண்ணா என்று தெரிந்தால் போதாது. வயது என்ன, ஈன்றதா, காயடித்ததா, உழவுக்கா, இறைச்சிக்கா, பொலிக்கா என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். அத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறார்கள். காயடிக்காத ஆண், 'புல்'. காயடித்து இறைச்சிக்கு வளர்த்தால் அமெரிக்காவில் 'ஸ்டியர்', பிரிட்டனில் பெரும்பாலும் 'புல்லக்'. காயடித்து வண்டிக்கும் ஏருக்கும் பழக்கினால் 'ஆக்ஸ்'. பெண் கன்று வளர்ந்தால் 'ஹெஃபர்'. கன்று போட்ட பிறகுதான் அது 'கவ்'. முதல் கன்று போட்டதை 'முதல் ஈற்று ஹெஃபர்' என்று அடுத்த ஈற்றுவரை சொல்கிற பண்ணையாளர்களும் உண்டு. நம் சந்தைகளில் காளை, எருது, கிடேரி, சினைமாடு, கறவை என்று பேசுகிறவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. ஊரில் தெரிந்து வைத்திருப்பதை ஆங்கிலப் பாடம்தான் மறக்கடிக்கிறது.

நகரத்து ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இந்த வேறுபாடெல்லாம் இன்று போய்விட்டது. மேய்ச்சல் நிலத்தில் நிற்பது எதுவானாலும் அவர்களுக்கு 'கவ்'தான். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒற்றை மாட்டைக் குறிக்க அன்றாட ஆங்கிலத்தில் பொதுச்சொல் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். 'கேட்டில்' என்பது மந்தையைத்தான் குறிக்கும்.

இந்தத் துல்லியத்தை இன்றும் எழுத்தில் காண வேண்டுமானால் குதிரைப் பந்தய அட்டையைப் பார்க்கலாம். ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் அருகில் வயது, நிறம், பால் மூன்றும் சுருக்கெழுத்தில் இருக்கும். 'சி' என்றால் 'கோல்ட்': நான்கு வயதுவரையுள்ள, காயடிக்காத ஆண். 'எஃப்' என்றால் 'ஃபில்லி': அதே வயதுவரையுள்ள பெண். ஐந்து வயதானால் ஃபில்லி 'மேர்' ஆகிவிடும். கோல்ட் 'ஹார்ஸ்' ஆகிவிடும். குதிரை இனத்துக்கே பொதுப்பெயரான 'ஹார்ஸ்', பந்தய அட்டையில் ஐந்து வயது நிரம்பிய காயடிக்காத ஆணை மட்டும் குறிக்கும். காயடித்தது எந்த வயதிலும் 'ஜி', அதாவது 'கெல்டிங்'. பந்தயத்தின் விதியே இந்த எழுத்துகளின் மேல் நிற்கிறது. இங்கிலாந்தின் எப்சமில் 1779-ல் தொடங்கிய ஓக்ஸ் பந்தயம் ஃபில்லிகளுக்கு மட்டும். அடுத்த ஆண்டு தொடங்கிய டெர்பியில் கோல்ட்டும் ஃபில்லியும் ஓடலாம். ஃபில்லிக்கு 3 பவுண்டு எடைச் சலுகை உண்டு. கெல்டிங் ஓட முடியாது. அடுத்த தலைமுறைக்குத் தகப்பனையும் தாயையும் தேர்ந்தெடுக்கிற பந்தயத்தில், குட்டி தர முடியாத குதிரைக்கு என்ன வேலை?

காயடித்த ஆட்டுக்கிடாய்க்கும் தனிப்பெயர் உண்டு, 'வெதர்'. மந்தையை நடத்திச் செல்ல அதன் கழுத்தில் மணி கட்டிவிடுவார்கள். 'பெல்வெதர்' என்ற சொல் அப்படி வந்தது. சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் பங்கை இன்று வணிகச் செய்திகளில் பெல்வெதர் பங்கு என்கிறார்கள்.

இவ்வளவு வெளிப்படையான தொழுவச் சொற்களைச் சபையில் சொல்லக் கூசிய காலமும் வந்தது. ஆண் கோழியைக் குறித்த பழைய சொல் ஆணுறுப்புக்கும் பெயரானதால், அமெரிக்கர்கள் 18-ஆம் நூற்றாண்டில் 'ரூஸ்டர்' என்ற சொல்லுக்கு மாறினார்கள். கூட்டில் அடைவது என்பதுதான் அதன் பொருள். பெட்டையும்தான் கூட்டில் அடைகிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காளைக்கும் அதே கதி. 1930-களில் நியூ இங்கிலாந்து மாநிலங்களின் வட்டார வழக்கை மொழியியலாளர் ஹான்ஸ் குராத் தலைமையில் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தபோது, பொலிகாளையை என்னவென்று அழைப்பீர்கள் என்று கேட்டார்கள். பெண்கள் எதிரில் 'புல்' என்று சொல்லத் தயங்கியவர்கள் பல மாற்றுச் சொற்களைத் தந்தார்கள். அவற்றில் ஒன்று 'ஜென்டில்மேன் கவ்'. கனவான் பசு! அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பகுதியிலும் இதே தயக்கம் இருந்ததை நாட்டுப்புறவியலாளர் வான்ஸ் ராண்டால்ஃப் 1920-களிலேயே எழுதியிருக்கிறார். மாட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்கள், பண்ணையின் முக்கியமான விலங்கின் பெயரைத் தங்கள் வீட்டுப் பெண்கள் முன்னால் உச்சரிக்கவில்லை.

பேச்சு வழக்கில் இன்னொரு வழியும் உண்டு: மனிதப் பெயரை விலங்குக்கு வைத்துவிடுவது. வெள்ளாட்டுக் கிடாய் 'பில்லி', பெட்டை 'நேனி', ஆண் கழுதை 'ஜேக்', பெண் கழுதை 'ஜென்னி', ஆண் பூனை 'டாம்'. டாம் என்ற பூனையை நாயகனாக்கி 1760-ல் லண்டனில் வெளிவந்த ஒரு கதைப் புத்தகத்துக்குப் பிறகுதான் அந்தப் பெயர் நிலைத்தது. ஆனால் ஆட்டை இனம் பார்த்து வளர்க்கிறவர்களிடம் பில்லி, நேனி என்று பேசினால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் வழக்கில் 'பக்', 'டோ' என்பவையே மரியாதையான சொற்கள். நாயின் கதை இதற்குத் தலைகீழ். பெண் நாயைக் குறிக்கும் 'பிட்ச்' வெளியில் வசவுச்சொல். நாய்க் கண்காட்சியிலோ அதுதான் முறையான சொல். ஆண் நாய்க்கு ஒரு பிரிவு, பிட்சுக்கு ஒரு பிரிவு என்று அட்டவணையிலேயே அச்சிடுவார்கள்.

அறிவியலுக்கு எல்லா உயிர்க்கும் பொருந்துகிற சொல் வேண்டும். அதனால் 'மேல்', 'ஃபீமேல்' என்ற இரண்டோடு அது நிறுத்திக்கொண்டது. உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1750-களில் செவ்வாய், வெள்ளிக் கோள்களின் குறிகளை ஆணுக்கும் பெண்ணுக்கும் எடுத்தாண்டு, எழுத வேண்டிய சொல்லையும் குறைத்துவிட்டார். ஆனால் கால்நடை மருத்துவருக்கு இந்த இரண்டும் போதாது. வளர்ப்பவர் 'கேர்ள்' என்று சொல்லிப் பெண் நாயைக் கொண்டுவருகிறார். சோர்வாக இருக்கிறது, ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. மருத்துவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கருத்தடை அறுவை ஆனதா என்பதை. பருவத்துக்கு வந்து சில வாரங்களான, அறுவை செய்யாத நாய் என்றால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். தாமதித்தால் உயிர் போகும். அறுவை செய்யாததை மருத்துவக் குறிப்பில் 'என்டயர்' என்று எழுதுவார்கள், முழுமையானது என்ற பொருளில். வீட்டுப் பேச்சில் அறுவை ஆனதை 'ஃபிக்ஸ்டு' என்பார்கள். சொல் எதுவானாலும் அந்தத் தகவலை மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது.

இந்தச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஃப்ரீமார்ட்டின்'. பசு இரட்டைக் கன்று போடுகிறது. ஒன்று காளை, மற்றது கிடேரி. அந்தக் கிடேரி வளரும், தின்னும், பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் பத்தில் ஒன்பதுக்கு மேல் சினை பிடிக்காது. ஆங்கிலேய விவசாயிகள் 17-ஆம் நூற்றாண்டிலேயே அதற்குத் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1779-ல் அதன் உடலமைப்பை விவரித்தார். காரணம் விளங்கியது 1916-ல், சிகாகோவில் ஃபிராங்க் லில்லியின் ஆய்வில். கருப்பைக்குள் இரண்டு கன்றுகளின் நச்சுக்கொடி நாளங்கள் இணைந்துவிட, காளைக்கன்றின் சுரப்பு ரத்தத்தோடு வந்து கிடேரியின் சூலகத்தை வளரவிடாமல் செய்கிறது. அறிவியல் விடை சொல்வதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கிடேரி வாங்க வருகிறவரை ஏமாறாமல் காப்பாற்ற அந்த ஒற்றைச் சொல் இருந்தது. 'ஃபீமேல்' என்று எழுதியிருந்தால் அவர் இரண்டு வருடம் தீவனம் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கும்.

ஆங்கிலப் பாடம் எடுக்கிற ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை அந்தப் பட்டியலை எழுதிப்போடும்போது புல்லக், ஹெஃபர் வரியை அடித்துவிட்டு, புல் எதிரே கவ் என்று எழுதுங்கள். ஹெஃபர் என்றால் கிடேரி, புல்லக் என்றால் எருது என்று தமிழிலேயே சொல்லுங்கள். வகுப்பில் மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இருந்தால், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதை அந்தப் பிள்ளையே எழுந்து விளக்கட்டும்.