ஈத்தேனின் சிறு தடை

நம் வீட்டுக் கூரையில் சுற்றும் மூன்று இறக்கை மின்விசிறியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு மூன்று இறக்கை விசிறியை எதிர்முகமாக மாட்டினால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அதுதான் ஈத்தேன் வாயுவின் மூலக்கூறு. தண்டின் இரு முனைகளிலும் இரண்டு கார்பன் அணுக்கள். ஒவ்வொரு கார்பனிலும் இறக்கைகளைப் போல மூன்று ஹைட்ரஜன் அணுக்கள்.

இந்த இரண்டு விசிறிகளும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் தாராளமாகச் சுழலுமா? வேதியியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் இந்தக் கேள்வியின் மீது தனிப் பிரியம் உண்டு. அந்த அரைப் பக்கத்துக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு ஆராய்ச்சி இருக்கிறது.

வெப்பம் சொன்ன சாட்சி

கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் மூலைகளை நோக்கி நீண்டிருக்கின்றன என்று வான்ட் ஹாஃப் 1874-ல் சொன்னார். அக்காலம் முதல், ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி அணுக்கள் தடையின்றிச் சுழலும் என்றே பெரும்பாலோர் கருதிவந்தனர். சுழற்சிக் கோணத்தில் மட்டும் வேறுபடும் இருவகைச் சேர்மங்களை எவராலும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியவில்லை என்பதே அதற்கு ஆதாரம்.

1936-ல் கலிஃபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில், கெம்ப், கென்னத் பிட்ஸர் என்ற இருவர் இந்த எண்ணத்தை மாற்றினர். பிட்ஸருக்கு அப்போது வயது 22. மூலக்கூறு சுழல்வதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. வெப்பத்தை அளக்க வழியிருந்தது. ஈத்தேனைக் கடுங்குளிரில் உறையவைத்து, சிறிது சிறிதாகச் சூடேற்றி, அது வாங்கிக்கொள்ளும் வெப்பத்தை அளந்தால் அதிலிருந்து என்ட்ரோபி என்ற அளவைக் கணக்கிடலாம். மூலக்கூறுக்கு அசைவதற்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்பதை அது காட்டும். தடையில்லாச் சுழற்சி என்று வைத்துக் கணித்த மதிப்பைவிட, அளந்து கண்ட மதிப்பு குறைவாக இருந்தது. மோலுக்குச் சுமார் 3 கிலோ கலோரி உயரமுள்ள ஒரு தடையை நடுவில் வைத்த பிறகுதான் கணக்கு நேரானது. இன்று ஏற்கப்பட்ட மதிப்பு சுமார் 2.9.

அதாவது, ஒரு முழுச் சுற்றில் மூன்று மேடு, மூன்று பள்ளம். ஒரு விசிறியின் இறக்கை மற்றதன் இடைவெளிக்கு நேராக நின்றால் பள்ளம். இறக்கைக்கு இறக்கை நேராக நின்றால் மேடு. அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறு இந்த மேட்டை நொடிக்குப் பல ஆயிரம் கோடி முறை தாண்டிவிடுகிறது. பழைய வேதியியலாரால் வகை பிரிக்க முடியாமல் போனது இதனால்தான். தடையும் உண்மை, தாண்டுவதும் உண்மை.

தந்தை அளந்தார், மகன் கணித்தார்

அளந்த தடையைக் குவாண்டம் விதிகளிலிருந்து கணித்துக் காட்ட முடியுமா? ஈத்தேனின் மொத்த ஆற்றல் மோலுக்குச் சுமார் 50,000 கிலோ கலோரி. அதில் மூன்றைத் தேடவேண்டும். பத்து டன் லாரியை எடை மேடையில் நிறுத்தி, அரை கிலோ அரிசி குறைந்ததைக் கண்டுபிடிப்பது போன்ற காரியம் இது. 1963-ல் ஹார்வர்டில் லிப்ஸ்கோமும் ரஸ்ஸல் பிட்ஸரும் கணிப்பொறியின் துணையுடன் இதைச் செய்தனர். விடை 3.3 கிலோ கலோரி. இந்த ரஸ்ஸல், 1936-ல் தடையைக் கண்ட கென்னத் பிட்ஸரின் மகன்!

ஏன் என்ற கேள்வி

எண் கிடைத்துவிட்டது, காரணம் கிடைத்ததா? "ஹைட்ரஜன் அணுக்கள் நேருக்கு நேர் வரும்போது முட்டிக்கொள்கின்றன" என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் மேட்டில் எதிரெதிர் ஹைட்ரஜன்களின் இடைவெளி சுமார் 2.3 ஆங்ஸ்ட்ராம்; பள்ளத்தில் 2.5. வேறுபாடு இவ்வளவுதான். முட்டல் என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.

2001-ல் பாஃப்ரிஸ்டிக், குட்மன் இருவரும் வேறு விளக்கம் தந்தனர். பள்ளத்தில் நிற்கும்போது ஒரு பக்கத்துப் பிணைப்பின் எலெக்ட்ரான்கள் மறுபக்கத்தின் காலி நிலைக்குள் சற்றுப் பரவி நிம்மதி காண்கின்றன. விரட்டலைவிட இந்த ஈர்ப்பே காரணம் என்றனர். 2003-ல் பிக்கல்ஹாப்ட், பேரண்ட்ஸ் இருவரும் இதை மறுத்தனர். ஒரே வகை எலெக்ட்ரான்கள் ஒரே இடத்தைப் பகிர மறுக்கும் பௌலி விதியின் விரட்டலே முதன்மை என்பது அவர்கள் வாதம். பரவலுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது இரண்டாம் இடம்தான் என்று 2004-ல் வேறொரு குழுவினரும் எழுதினர். மொத்த ஆற்றலைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறை மாறினால் காரணமும் மாறித் தெரிகிறது. சண்டையின் வேர் அங்கேதான்.

இதில் எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. ஒரு முனையில் மூன்று ஹைட்ரஜன் உள்ள ஈத்தேனின் தடை 2.9, அங்கே இரண்டே ஹைட்ரஜன் உள்ள மெத்திலமீனில் சுமார் 2, ஒன்றே ஒன்று உள்ள மெத்தனாலில் சுமார் 1. படிக்கட்டு போல இறங்குகிறது! காரணம் எதுவானாலும் இந்தப் படிக்கட்டுக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும்.

சிறு தடை, பெரிய விளைவு

இவ்வளவு சிறிய தடைக்கு இத்தனை ஆரவாரம் ஏன் என்று கேட்கலாம். பாலித்தீன் நெகிழ்வதும் ரப்பர் இழுபடுவதும் இத்தகைய மேடு பள்ளங்களால்தான். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலியின் இரண்டு சுழற்சிக் கோணங்களை எடுத்துக்கொண்டு, அணுக்கள் மோதாமல் நிற்கக்கூடிய இடங்களை வரைபடமாக்கினர். அதில் பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட பிரதேசம். அங்கே மோதல் என்ற எளிய விளக்கமே நன்றாக உதவியது. ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அழைக்கும் அதைக் கொண்டுதான் இன்றும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள்.

வேதியியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஈத்தேன் பாடத்தைப் படிக்கும் குழந்தை "ஏன் அப்படி?" என்று கேட்டால், "புத்தகத்தில் இருப்பதை எழுது" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். எட்டே அணுக்கள் உள்ள மூலக்கூறில் பெரிய அறிஞர்களையும் சண்டை போட வைத்த கேள்வி அது.