அப்பா எந்தக் கோஷ்டியோ, பிள்ளையும் அந்தக் கோஷ்டி!

கல்கத்தாவில் பல வீடுகளில் பிள்ளை பிறந்ததுமே ஒரு விஷயம் முடிவாகிவிடும். பெயர்கூடப் பிறகுதான். பிள்ளை எந்தக் கால்பந்துக் கோஷ்டியின் பக்கம் என்பதுதான் அது!

பிள்ளையை யாரும் கேட்பதில்லை. அப்பா எந்தக் கோஷ்டியோ, பிள்ளையும் அந்தக் கோஷ்டி. தாத்தாவும் அதே கோஷ்டியாகத்தான் இருந்திருப்பார்.

அந்தக் கோஷ்டிகள் இரண்டு. ஒன்று மோகன் பகான். இன்னொன்று ஈஸ்ட் பெங்கால். ஈஸ்ட் பெங்கால் என்றால் கிழக்கு வங்காளம் என்று அர்த்தம். (முகமதன் ஸ்போர்ட்டிங் என்று மூன்றாவது பழைய கோஷ்டியும் உண்டு. அது தனிக் கதை.)

மேற்கு வங்காளத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களுக்குக் "கோட்டி" என்று பெயர். அவர்கள் மோகன் பகான் பக்கம். பத்மா நதிக்கு அப்பால் கிழக்கு ஜில்லாக்களிலிருந்து வந்தவர்களுக்குப் "பாங்கால்" என்று பெயர். அவர்கள் ஈஸ்ட் பெங்கால் பக்கம். பாங்கால் என்றால் ஒரு காலத்தில் பட்டிக்காட்டான் என்று ஏளனம் செய்வது போல!

கோபத்தில் பிறந்தது

மோகன் பகான் 1889-ல் தொடங்கியது. 1911 ஜூலை 29-ந் தேதி அது ஒரு பெரிய காரியம் செய்தது. ஐ.எப்.ஏ. கேடயப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில், ஆங்கிலேயப் பட்டாளத்தின் கோஷ்டியை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. வெள்ளைக்காரர்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். நம்மவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலுடன் ஆடினார்கள்! அந்தப் பெருமையைத்தான் கோட்டி வீட்டுத் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்த விதம் வேறு. 1920 ஜூலையில் ஜோராபகான் என்ற கோஷ்டி மோகன் பகானுடன் மோத இருந்தது. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஜோராபகான் சேர்க்கவில்லை. அவர் கிழக்கு ஜில்லாக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று பேச்சு எழுந்தது. அந்தக் கோஷ்டியின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி அவருக்காக வாதாடினார். யாரும் கேட்கவில்லை. சௌதுரி வெளியேறினார். ஆகஸ்டு 1-ந் தேதி புதுக் கோஷ்டி தயார். தங்கள் ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

ஊர் போயிற்று, பெயர் இருந்தது

1947-ல் தேசம் இரண்டாயிற்று. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானோடு சேர்ந்தது. வீடு, வயல், குளம், தென்னை மரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லட்சக்கணக்கான ஜனங்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். சியால்தா ரயில் நிலையத்திலேயே படுத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். பிறகு நகரத்தின் ஓரத்தில் குடிசை போட்டார்கள்.

1955-ல் அந்தப் பிரதேசத்தின் பெயரையே கிழக்குப் பாகிஸ்தான் என்று மாற்றிவிட்டார்கள். 1971-ல் அது பங்களாதேஷ் ஆயிற்று. கிழக்கு வங்காளம் என்ற பெயர் தேசப் படத்தில் இல்லை. எங்கே இருந்தது? பதினொரு ஆட்டக்காரர்களின் கோஷ்டிக்குத்தான் இருந்தது!

அகதியாக வந்த தகப்பன் பிள்ளைக்கு எதைக் கொடுப்பான்? நிலம் இல்லை. நகை இல்லை. "நம் ஊர் இதுதான்" என்று காட்டுவதற்கு ஊரும் இல்லை. சிவப்பும் பொன் மஞ்சளும் கலந்த கொடி ஒன்று இருந்தது. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனான். பத்மா நதியைக் கண்ணால் பார்க்காத பிள்ளை, அந்தக் கொடியைப் பார்த்து "நம்ம கோஷ்டி!" என்று கத்தியது.

நல்ல வேளையாக அந்தக் கோஷ்டியும் அவர்களை ஏமாற்றவில்லை. 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. அப்போது முன்வரிசையில் ஐந்து பேர் ஆடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே. ஜனங்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர்கள் என்று கொண்டாடினார்கள். ஐவரும் தென்னாட்டிலிருந்து போனவர்கள்! வங்காள அகதிகளின் முகத்தில் சிரிப்பை வரவழைத்தது நம் பக்கத்துக் கால்கள்.

மீனிலும் சண்டை

இந்தச் சண்டை சமையலறை வரைக்கும் போகிறது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் பாங்கால் வீட்டில் இலிஷ் மீன் குழம்பு. மோகன் பகான் வென்றால் கோட்டி வீட்டில் பெரிய இறால். தோற்ற வீட்டில் அன்று அடுப்பு மூட்டவே மனம் வராது. கோட்டி வீட்டுப் பெண் பாங்கால் வீட்டுக்கு மருமகளாகப் போனால், ஆட்டம் நடக்கிற நாளில் மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால், எல்லாம் வேடிக்கையாகவே முடிந்ததில்லை. 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் தோட்ட மைதானத்தில் இந்த இரு கோஷ்டிகளும் மோதின. ரசிகர்களுக்குள் கைகலப்பு. நெரிசல். 16 பேர் இறந்து போனார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைக்காக வாசலில் காத்திருந்த பெற்றோர்களிடம் எந்தக் கோஷ்டி என்று யார் கேட்பார்கள்? அந்தத் தேதியில் அவர்களின் நினைவாகக் கல்கத்தாவில் இரத்த தானம் செய்கிற வழக்கம் வந்தது. கொடுக்கிற ரத்தத்தில் கோட்டி என்றும் பாங்கால் என்றும் எழுதியிருப்பதில்லை.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். மோகன் பகானின் காவல் சுவர் என்று பெயர் வாங்கியவர் கோஷ்ட பால். 1962-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றவர். அதே 1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கோஷ்டிக்குத் தலைவர் சுனி கோஸ்வாமி. அவர் மோகன் பகானைத் தவிர வேறு கழகத்துக்கு ஆடவே இல்லை. இருவரும் பிறந்தது எங்கே? கிழக்கு வங்காளத்தில்! ரசிகர்கள் போட்ட கோட்டை ஆட்டக்காரர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

பெயரில் கை வைத்தால்?

கோஷ்டிகள் இன்று பணக்காரக் கம்பெனிகளின் துணையோடு நடக்கின்றன. 2020-ல் மோகன் பகான் இன்னொரு கழகத்தோடு இணைந்தது. பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்ற மூன்று எழுத்துகள் ஏறின. ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. தாத்தா சொல்லிக் கொடுத்த பெயருக்கு முன்னால் வேறொருவன் பெயரா? "அந்த எழுத்துகளை எடு!" என்று முழங்கினார்கள். 2023 மார்ச்சில் கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோஷ்டி கோப்பையை வென்றது. அந்த இரவே, மூன்று எழுத்துகளும் நீங்கும் என்று முதலாளி அறிவித்துவிட்டார்.

பதிலுக்குப் பெயரின் பின்னால் "சூப்பர் ஜயண்ட்" என்று ஒட்டினார்கள். அது பத்திரிகையிலும் விளம்பரத்திலும் இருக்கிறது. வீட்டில் யார் அதைச் சொல்கிறார்கள்? அப்பா பிள்ளையைக் கூப்பிடும்போது இன்றைக்கும், "வாடா, மோகன் பகான் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது" என்றுதான் கூப்பிடுகிறார்.